குவைத்தில் 'திவானியா' என்கிறார்களே, அது என்ன?

குவைத்தியர் வீடுகள் பலவற்றில் விருந்தினருக்கென்றே ஒரு கூடம் இருக்கும், பெரும்பாலும் தனி வாசலோடு. சுவரோரம் சுற்றிலும் இருக்கைகள். ஏலக்காய் மணக்கும் காபி சின்னக் கிண்ணங்களில் வந்துகொண்டே இருக்கும். அந்தக் கூடத்துக்கும், மாலையில் ஆண்கள் அங்கே கூடிப் பேசும் வழக்கத்துக்கும் திவானியா என்றே பெயர். நம் ஊர்த் திண்ணை போல, கல்யாணப் பேச்சிலிருந்து அரசியல் வரை எல்லாம் அங்கே அலசப்படும்.

இதற்கு ஏன் இத்தனை மதிப்பு? அந்நாட்டில் அரசியல் கட்சிகளுக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. ஆகவே தேர்தல் என்றால் வேட்பாளர்கள் திவானியா திவானியாகப் போய்த்தான் ஆதரவு திரட்டுவார்கள். 2005இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த பிறகு, பெண் வேட்பாளர்களும் இந்த ஆண்கள் கூடத்துக்குள் வந்து வாக்குக் கேட்டார்கள். 1986இல் ஆட்சியாளரான அமீர் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அதை மீட்கக் கோரி 1989 இறுதியில் திங்கள்கிழமைகளில் மக்கள் திரண்டதும் திவானியாக்களில்தான். போலீஸ் தடுத்தும் கூட்டம் ஓயவில்லை. வீட்டுக் கூடத்துக்கு இவ்வளவு வலிமையா என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

திவானியாவே ஒரு நாடாளுமன்றம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. அங்கே பேசலாம், நெருக்குதல் தரலாம். சட்டம் இயற்றவும் அமைச்சர்களைக் கேள்வி கேட்கவும் அதிகாரம் பெற்றிருந்தது, தேர்ந்தெடுக்கப்பட்ட 50 உறுப்பினர்களைக் கொண்ட தேசியப் பேரவைதான். அதையும் 2024 மே மாதம் அமீர் கலைத்துவிட்டார்.