ரிப்பன் லீயைக் கெடுத்தது யார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மெல்பர்ன் புறநகரான எல்ஸ்டர்ன்விக்கில் இருக்கும் ரிப்பன் லீ மாளிகையைக் குடும்பத்தோடு பார்த்தோம். வெளியே 1868-ல் கட்டத் தொடங்கிய அருமையான செங்கல் வீடு. உள்ளே போனால் ஹாலிவுட் செட் மாதிரி அறைகள், பக்கத்தில் நீச்சல்குளம்! பின்னால் வந்தவர்கள் கெடுத்துவிட்டார்களே என்று வருத்தமாக இருந்தது. பழையபடி மாற்றிவிடலாம் அல்லவா?

ஒரு வாசகி, மெல்பர்ன்

அன்புள்ள வாசகிக்கு,

மாற்றக் கூடாது என்பதே என் எண்ணம். பழையபடி என்றால் எந்தப் பழையபடி? துணி வியாபாரியும் அரசியல்வாதியுமான பிரெடரிக் சார்குட் கட்டிய வீடு அது. 1903-ல் இறக்கும்வரை அவரே அதை விரித்துக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். கோபுரம்கூடப் பின்னால் சேர்ந்தது.

வெளிச்சுவரை நீங்கள் ரசித்தது சரிதான். கட்டடக் கலைஞர் ஜோசப் ரீட் இத்தாலியின் லம்பார்டிப் பகுதியில் பார்த்த பாணி அது. வளைவுகளில் தெரியும் கோலம் பூச்சு வேலை இல்லை. வெவ்வேறு நிறச் செங்கற்களையே மாற்றி மாற்றி அடுக்கியது. அடுத்த முறை தோட்டத்து ஏரியையும் நின்று பாருங்கள். சுற்றுத் தெருக்களின் மழைநீர் நிலத்தடிக் குழாய்கள் வழியாக அங்கே வந்து சேரும்படி அன்றைக்கே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வறண்ட ஊரில் அந்தத் தோட்டத்தின் பச்சை நின்றது இதனால்தான். எனக்கு மாளிகையைவிட இதுதான் பெரிய விஷயம்.

சார்குட்டுக்குப் பிறகு தாமஸ் பென்ட் என்ற அரசியல்வாதியும் கூட்டாளிகளும் வாங்கி, நிலத்தை மனை போட்டு விற்கத் தொடங்கினார்கள். வீடும் இடிபட வேண்டியதுதான். 1909-ல் பென்ட் இறந்தார். அடுத்த ஆண்டு பெஞ்சமின் நேதன் வாங்கியதால் பிழைத்தது.

நேதனின் மகள் லூயிசா ஜோன்ஸ்தான் நீங்கள் குறை சொல்பவர். 1930-களின் இறுதியில் பழைய நடனக்கூடத்தை இடித்து, நீச்சல்குளமும் புதுக்கூடமும் கட்டியவர் அவர். அது இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் 1960-களில் தொலைக்காட்சி நிலையத்துக்காக அரசு ஏரிப்பக்க நிலத்தைக் கையகப்படுத்த முனைந்தபோது, விடாமல் உயர் நீதிமன்றம்வரை போய் வழக்காடியதும் அவரே. வழக்கில் தோற்றார். அப்புறமும் சும்மா இருக்கவில்லை. வீட்டை, பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்தார். 1972-ல் அவர் இறந்த பிறகு அது பொதுமக்களுக்குத் திறந்தது, ஏரியும் வீட்டோடு தங்கியது. அவருடைய அறைகளைப் பெயர்த்தெடுத்தால், அந்த வீட்டைக் காப்பாற்றியவரின் தடயத்தையே அங்கிருந்து அழித்துவிடுவோம்.