பின்னல் ஊசி பிடிக்கும் கை இரவில் மரத்துப்போனால்

கேள்வி: எனக்கு வயது 47. தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். பல வருடங்களாக ஸ்வெட்டர் பின்னுகிறேன். இப்போதெல்லாம் கலர் டிசைன்தான். ஒரே வரிசையில் இரண்டு நிற நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பூ, நட்சத்திரம், மயில் எல்லாம் கொண்டுவருவேன். மகளுக்கு இது ஏழாம் மாதம். அவளுக்கு ஒரு ஸ்வெட்டர், பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு ஒன்று என இரண்டும் ஊசியில் இருக்கின்றன. இரண்டு மாதமாக நடுராத்திரியில் வலது கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடுகிறது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும்தான் அதிகம். உதறினால் சரியாகிறது. நரம்பு ஊசி போட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை. பக்கவாதத்தின் ஆரம்பம் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். "எல்லாம் அந்த நூலால் வந்தது, தூக்கிப் போடு" என்கிறார் கணவர். பின்னுவதை விட்டுவிட வேண்டுமா டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விட வேண்டியதில்லை அம்மா. ஆனால் இரண்டு மாதமாகத் தூக்கத்தைக் கெடுக்கும் மதமதப்பை இன்னும் தள்ளிப்போடவும் கூடாது.

முதலில் அந்தப் பயத்தைப் போக்கிவிடுகிறேன். பக்கவாதம் திடீரென்று வரும். வாய் ஒரு பக்கமாகக் கோணும், பேச்சு குழறும், ஒரு பக்கக் கையையோ காலையோ தூக்க முடியாமல் போகும். உதறினால் போகிற விஷயம் அல்ல அது. அப்படி வீட்டில் யாருக்கு வந்தாலும், பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும்கூட, உடனே 108ஐக் கூப்பிடுங்கள். இரவுதோறும் அதே மூன்று விரல்கள் மரத்து, உதறியதும் உயிர் வருவது வேறு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதாகத்தான் தெரிகிறது. கார்பல் டனல் சிண்ட்ரோம் என்போம். கடிதத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது, கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆனாலும் உங்கள் விவரிப்பு அவ்வளவு பொருந்துகிறது.

மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்தில், கீழே எலும்புகளும் மேலே ஒரு தடித்த நாரும் சேர்ந்து ஒரு குறுகலான வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் போகின்றன. காலை நேரத்து டவுன் பஸ் படிக்கட்டில் பத்துப் பேர் நிற்பதுபோல இடித்துக்கொண்டுதான் போகின்றன. தசைநாண்களின் உறை கொஞ்சம் தடித்தாலும் நசுங்குவது நரம்புதான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றின் உணர்வு அந்த நரம்பின் பொறுப்பு. தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொள்வதால் நெருக்கடி கூடுகிறது. அதனால்தான் ராத்திரியில் படுத்துகிறது.

இன்றிரவு விழிப்பு வந்தால் உதறுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: சுண்டுவிரல் மரத்திருக்கிறதா? சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு, அது முழங்கையின் உள்பக்கமாக வருகிறது. பின்னும்போது முழங்கையை மணிக்கணக்கில் மடக்கியே வைத்திருப்பவர்களுக்கு அங்கேயும் சிக்கல் வரலாம். ஐந்து விரலும் மரக்கிறது, இரண்டு கையும் மரக்கிறது, பாதமும் எரிகிறது என்றால் சர்க்கரை, வைட்டமின் பி12 குறைவு, கழுத்து எலும்பு என்று தேடல் வேறு பக்கம் போகும். எந்த விரல் என்பதை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொண்டுபோங்கள். பாதி நோயறிதல் அந்தத் தாளிலேயே இருக்கும்.

சரி, எல்லாம் நூலால்தான் வந்ததா? கணவர் அக்கறையில்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பின்னல் மட்டுமே இந்த நோயைக் கொண்டுவரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. அழுத்திப் பிடித்து, மணிக்கட்டை வளைத்து, திரும்பத் திரும்பச் செய்யும் எந்த வேலையும் அதைத் தூண்டும். நம் பக்கத்துப் பெண்களின் கை ஒரு நாளில் என்னென்ன செய்கிறது என்று பாருங்கள். கேழ்வரகுக் களி கிண்டும்போது பானையை இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு, இறுகிவரும் மாவில் துடுப்பை இரண்டு கையாலும் முறுக்கித் திருப்புகிறோம். மாசி, பங்குனியில் புளி வேலை வந்துவிடும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுக்க நாள் முழுக்க உட்காருகிறார்கள். கூலி கிலோவுக்கு என்பதால் இடையில் எழுந்திருக்க மனம் வராது. துணி பிழிவது, பூக் கட்டுவது, மாட்டில் பால் கறப்பது என்று இன்னும் எவ்வளவோ. இதில் எதையும் தூக்கிப் போடச் சொல்லி யாரும் சொல்வதில்லை. அந்தப் பெண் தனக்குப் பிடித்துச் செய்கிற ஒரே வேலையைத்தான் முதலில் நிறுத்தச் சொல்கிறோம். அது நியாயமாக எனக்குப் படவில்லை. கைக்கு ஓய்வு வேண்டுமென்றால் களி கிண்டுவதையும் துணி பிழிவதையும் வீட்டில் வேறொருவர் கொஞ்ச நாள் ஏற்றுக்கொள்ளட்டும். இதை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

கைக்கு வெளியேயும் காரணம் இருக்கலாம். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், மாதவிடாய் நிற்கும் வயதையொட்டி இன்னும் அதிகம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், சர்க்கரை இருந்தாலும், முடக்குவாதம் இருந்தாலும் வரும். அதனால் சர்க்கரை, தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதில் வீடு தேடி வருகிறவர்களிடமே சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளலாம். தைராய்டுக்கு மட்டும் அரசு மருத்துவமனைக்கோ ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கோ போக வேண்டியிருக்கும்.

'நரம்பு ஊசி' என்று ஊரில் போடுவது பெரும்பாலும் பி வைட்டமின் கலவைதான். உடம்பில் பி12 குறைவாக இருந்தால் பலன் தரும். மணிக்கட்டில் நசுங்கும் நரம்பை அது விடுவிக்காது. நீங்களாகத் தொடர்ந்து வாங்கிப் போடாதீர்கள். அதில் இருக்கும் பி6 அதிக அளவில் நெடுநாள் உடம்பில் சேர்ந்தால், அதுவே மதமதப்பைக் கொண்டுவரும்.

உங்களுக்கு முதல் வைத்தியம் ராத்திரிக் கட்டு. ரிஸ்ட் ஸ்பிளின்ட் என்று கேட்டால் மருந்துக்கடையில் தருவார்கள். உள்ளே ஒரு தகடு இருக்கும். பல கட்டுகளில் அந்தத் தகடு மணிக்கட்டைப் பின்பக்கமாக வளைத்துவிடுகிறது. அப்படி இருந்தால் தகட்டை உருவி நேராக்கிவிட்டுச் செருகுங்கள். மணிக்கட்டு முன்னாலும் பின்னாலும் சாயாமல் நேராக இருக்க வேண்டும், விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். இறுக்கிக் கட்டக் கூடாது. தூங்கும்போது மட்டும் போதும், ஆனால் ஆறு வாரம் விடாமல் போட வேண்டும். இரண்டு ராத்திரி போட்டுவிட்டுக் கேட்கவில்லை என்று கழற்றி வைப்பவர்கள்தான் அதிகம். ஸ்பிளின்டுக்குப் பதிலாக கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொள்வதில் பலன் இல்லை.

இனி பின்னல். ஒரு நூல் வைத்துப் பின்னுவதைவிட இரண்டு நூல் பின்னல் கைக்குக் கடினம். இரண்டு நூல்களையும் வலது ஆள்காட்டி விரலிலேயே சுற்றி, டிசைன் சுருங்கிவிடுமோ என்ற பதற்றத்தில் ஊசியைக் கிள்ளிப் பிடித்தபடி பின்னுகிறீர்களா? உங்கள் விரலைப் பாருங்கள். பின்னி முடித்ததும் நூல் சுற்றிய இடத்தில் பள்ளம் தெரிந்தால் பிடி அதிகம் என்று அர்த்தம். அடர்நிற நூலை வலது கையிலும் வெளிர்நிற நூலை இடது கையிலும் பிடித்துப் பழகுங்கள். இடது கை நூலை ஊசி முனையால் எடுத்துக்கொள்ளலாம், வலது கை நூலை வீசிப் போடலாம். வேலை இரண்டு கைக்கும் பிரியும், நூலும் முறுக்கிக்கொள்ளாது. முதலில் எரிச்சலாக இருக்கும், ஒரு சின்னத் துண்டில் பழகிவிட்டு ஸ்வெட்டருக்கு வாருங்கள். பின்பக்கம் ஓடும் நூல் இறுகாமல் இருக்க, வலது ஊசியில் ஏறிய கண்ணிகளை விரலால் கொஞ்சம் பரப்பிவிட்டு அடுத்த நிறத்தைப் போட்டால் போதும். கிள்ளிப் பிடிக்கத் தேவையே இருக்காது.

மகளுக்கான பெரிய ஸ்வெட்டரை நீள ஊசியில் பின்னினால், வளர வளர அதன் கனம் முழுக்க மணிக்கட்டில் தொங்கும். வயர் வைத்த வட்ட ஊசிக்கு மாற்றுங்கள். துணி மடியில் உட்கார்ந்துகொள்ளும், டிசைனின் முன்பக்கமும் எப்போதும் உங்களைப் பார்த்தே இருக்கும். இந்த வகைப் பின்னலுக்குப் பேர்போன ஃபேர் ஐல், ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுக் கூட்டத்தில் இருக்கிறது. அங்கே பெண்கள் இடுப்பில் துளை போட்ட தோல் பெல்ட் ஒன்றைக் கட்டி, வலது ஊசியின் பின்முனையை ஒரு துளையில் செருகிக்கொண்டு பின்னுவது வழக்கம். ஊசியின் பாரத்தை இடுப்பு தாங்க, கை நூலை மட்டும் பார்த்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. அந்தப் பெல்ட் இல்லாவிட்டாலும், இரண்டு முழங்கைக்கும் கீழே தலையணை வைத்துக்கொண்டால் தோளும் மணிக்கட்டும் கொஞ்சம் இளகும்.

ஓய்வுக்கு மணி பார்க்க வேண்டாம். டிசைன் கட்டம் போட்ட சார்ட்டில் ஒன்றிரண்டு வரிசை முடிந்ததும் ஊசியைக் கீழே வைத்து, விரல்களை நேராக நீட்டி, பிறகு கொக்கிபோல மடக்கி, பிறகு முழு முஷ்டியாக மூடித் திறங்கள். மெதுவாக, வலி இல்லாமல். நெட்டி முறிப்பதும் யாரையாவது கையை இழுக்கச் சொல்வதும் வேண்டாம். உங்கள் மேட்டுநிலத்து மார்கழிக் காலையில் விரல் விறைத்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்துவிட்டு உட்காருங்கள். மரத்த கைக்குச் சூடு தெரியாது, அதனால் தண்ணீரின் பதத்தை மற்ற கையால் பாருங்கள்.

சார்ட்டைக் கட்டில்மேல் வைத்துக் குனிந்து குனிந்து பார்க்காமல் கண்ணுக்கு நேராக நிறுத்துங்கள். இந்த வயதில் வெள்ளெழுத்து இருக்கும், கண்ணாடி போடாமல் சமாளிப்பவர்கள் கழுத்தைத்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். கருநீலத்தையும் கறுப்பையும் ஒன்றாகப் போடும் டிசைனை ராத்திரியில் எடுக்காதீர்கள்.

இவ்வளவும் செய்து ஆறு வாரத்தில் குறையவில்லை என்றால் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போடலாம். பலருக்கு நல்ல நிம்மதி தரும், சிலருக்கு மாதங்கள் கழித்துத் திரும்ப வரும். ஆனால் சில அறிகுறிகளுக்கு ஆறு வாரம் காத்திருக்கவே கூடாது. பகலிலும் மரப்பு விடாமல் இருப்பது, ஊசியோ டம்ளரோ கையிலிருந்து நழுவுவது, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாமல் போவது, கட்டைவிரலின் அடிச்சதை மற்ற கையைவிடத் தட்டையாகத் தெரிவது – இதில் ஒன்று இருந்தாலும் உடனே எலும்பு மருத்துவரையோ நரம்பு மருத்துவரையோ பாருங்கள். நரம்பில் மின்னோட்டம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சோதித்துப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் கையை மட்டும் மரக்கவைத்து அந்தத் தடித்த நாரை வெட்டிவிடும் சின்ன அறுவை சிகிச்சை செய்வார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். வற்றிப்போன சதையைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கடினம், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

உங்கள் மகளிடமும் கை மரக்கிறதா என்று கேளுங்கள். கர்ப்பத்தில் உடம்பில் நீர் சேர்வதால் இதே தொந்தரவு நிறையப் பேருக்கு வரும், பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் குறைந்துவிடும். அவளுக்கும் ராத்திரிக் கட்டு போதும். அப்புறம், கை திடீரென்று வீங்கினாலோ, முகம் வீங்கினாலோ, தலைவலியோ கண் மங்கலோ வந்தாலோ ரத்த அழுத்தத்தை உடனே பார்க்க வேண்டும்.

குழந்தையின் ஸ்வெட்டர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இரண்டு நூல் பின்னலில் உள்பக்கம் நூல்கள் குறுக்கே ஓடும். பிறந்த குழந்தையின் விரல் அதில் மாட்டிச் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் நீலம் பாய்ந்துவிடும். கைப் பகுதியை ஒரே நிறத்தில் பின்னிவிட்டு டிசைனை நெஞ்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கையிலும் டிசைன் வேண்டும் என்று ஆசை இருந்தால், உள்ளே மெல்லிய பருத்தித் துணியை லைனிங்காகத் தைத்துவிடுங்கள். ஸ்வெட்டர் போட்ட பிறகு குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டு அழுதால், பாலுக்கு அழுகிறது என்று நினைப்பதற்கு முன் கை விரல்கள் பத்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்.