விட்டுப் போனவர்கள் ஏன் திரும்பி வருகிறார்கள்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எந்தப் பெரிய சமூக ஊடகமானாலும் அவ்வப்போது ஒரு கூட்டம் ‘இனி இங்கே இருக்க மாட்டோம்’ என்று அறிவித்துவிட்டுக் கிளம்புகிறது. கொஞ்ச நாளில் பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். அப்படியென்றால் ஆர்குட்டும் மைஸ்பேஸும் மட்டும் எப்படிக் காலியாயின? எங்கள் வாசிப்புக் குழுவில் 60 பேர். வேறு தளத்துக்கு மாற இரண்டு முறை முயன்றோம், முடியவில்லை. எங்கே பிழை?

கே.

அன்புள்ள கே.,

ஒரு தளத்தில் நூறு கோடிப் பேர் இருக்கிறார்கள் என்பதால் யாரும் அங்கே தங்குவதில்லை. நாம் எழுதினால் பதில் சொல்லும் இருபது முப்பது பேர் அங்கே இருக்கிறார்கள், அதனால் தங்குகிறோம். கூகுள் பிளஸ் 2011இல் வந்தது. கூகுள் கணக்கு வைத்திருந்தவர்களைப் பல வழிகளில் உள்ளே இழுத்தது. தலைகளுக்குக் குறைவில்லை. ஆனால் 90 சதவீத வருகைகள் ஐந்து வினாடிகூட நீடிக்கவில்லை என்று 2018இல் கூகுளே சொன்னது. அடுத்த ஏப்ரலில் மூடிவிட்டார்கள்.

சரிவும் அந்த இருபது முப்பது பேரிடம்தான் தொடங்குகிறது. 2002இல் தொடங்கிய ஃப்ரெண்ட்ஸ்டர் என்ற சமூக ஊடகம் காலியான பிறகு, அதன் நட்பு வலையைச் சூரிக் ஆய்வாளர்கள் 2013இல் பிரித்துப் பார்த்தார்கள். அவர்கள் காட்டியதை எளிமையாகச் சொல்கிறேன். தளம் மெதுவாகிறது, விளம்பரம் கூடுகிறது, எரிச்சல் ஏறுகிறது. மூன்று நண்பர்கள் மட்டும் உள்ளவருக்கு அந்த எரிச்சலைப் பொறுக்கக் காரணமில்லை, போய்விடுகிறார். அவர் போனதும் ஐந்து நண்பர்கள் இருந்தவருக்கு நான்காகிறது. இப்போது அவருக்கும் கட்டுப்படியாகவில்லை. வெங்காயம் உரிவதுபோல ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இது நகரும். மொத்த உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கடைசிவரை தெரியாது, ஏனென்றால் போனவர்கள் கணக்கை அழிப்பதில்லை. நண்பர்கள் ஒருவரோடொருவர் அடர்த்தியாகப் பின்னியிருக்கும் தளத்தில் இதே எரிச்சல் வந்தாலும் உரிதல் பாதியில் நின்றுவிடும்.

எரிச்சல் மட்டும் போதாது, போக ஓர் இடமும் வேண்டும். மைஸ்பேஸை நியூஸ் கார்ப்பரேஷன் 2005இல் 58 கோடி டாலருக்கு வாங்கியது. பக்கங்களில் விளம்பரம் நிறைந்துகொண்டிருந்தபோது, 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் 13 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் கதவைத் திறந்தது. கல்லூரி நண்பர்கள் கூட்டம்கூட்டமாக ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். அதுதான் முக்கியம்: போய்ச் சேரும் இடத்தில் ஆள் இருந்தது.

2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறியபோது, தனித்தனிச் சர்வர்களாக இயங்கும் மாஸ்டடான் என்ற தளத்துக்குப் போனவர்களுக்கு அது அமையவில்லை. முதலில் எந்தச் சர்வர் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னது. பழைய நண்பர்களை ஒவ்வொருவராகத் தேட வேண்டியிருந்தது. நல்ல தளம்தான், ஆனால் தேடிக் களைத்தவர்கள் திரும்பினார்கள். 2023 ஜூலையில் ட்விட்டருக்குப் போட்டியாக வந்த த்ரெட்ஸ், இன்ஸ்டாகிராமில் நாம் பின்தொடர்பவர்களை ஒரே தட்டலில் அங்கேயும் பின்தொடர வழி செய்தது. ஐந்தே நாளில் பத்துக் கோடிப் பேர் சேர்ந்தார்கள். அதே மாதத்திலேயே அன்றாட வருகை பாதிக்கும் கீழே விழுந்தது, மீண்டும் ஏற வெகுகாலம் ஆனது. சேர்வது வேறு, தங்குவது வேறு.

டிக்டாக் வகைத் தளங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே நம்மைப் பிடித்து வைப்பது நண்பர்களல்ல, நம் ரசனையைக் கற்றுக்கொண்ட அல்காரிதம். அந்தப் பிடி பார்வையாளரைப் பொறுத்தவரை தளர்வானது என்றே நினைக்கிறேன். இன்னொரு செயலி சில நாளில் அதே ரசனையைக் கற்றுவிடும், நாம் வரவில்லையே என்று யாரும் தேடப்போவதுமில்லை. மாட்டிக்கொள்பவர்கள் வீடியோ போடுபவர்கள்தான், பின்தொடர்பவர்களை அவர்களால் தூக்கிச் செல்ல முடியாது.

உங்கள் குழுவுக்கு வருகிறேன். இரண்டு இடத்தையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருந்தீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படி வைத்தால் பழைய இடம்தான் ஜெயிக்கும், பதில் அங்கேதான் சீக்கிரம் வரும். இந்த முறை, அதிகம் எழுதும் ஆறேழு பேரை மட்டும் முதலில் அழைத்துப் போங்கள். இரண்டு வாரம் சத்தமில்லாமல் அங்கே பேசட்டும். புதிதாக வருபவர் வெற்றுப் பக்கத்தைப் பார்க்கக் கூடாது. பிறகு ஒரு தேதி வையுங்கள். பொது அறிவிப்பை நம்பாதீர்கள், ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள். மின்னஞ்சல் முகவரிகளை அதற்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். தளத்திலிருந்து தரவிறக்கினால் உங்கள் பதிவுகளும் நண்பர்கள் பட்டியலும் கிடைக்கலாம், அவர்களைத் தொடர்புகொள்ளும் வழி பெரும்பாலும் கிடைக்காது. குறித்த நாளில் பழைய குழுவில் நிர்வாகி மட்டுமே எழுதலாம் என்று மாற்றுங்கள். வாராந்திர விவாதம் புதிய இடத்தில் மட்டும் நடக்கட்டும். பழைய குழுவை அழிக்காமல், புதிய முகவரியை முதல் பதிவாகப் பொருத்தி ஆறு மாதம் விட்டுவையுங்கள். தாமதமாக வருபவர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள்.

60 பேரும் வரமாட்டார்கள். 25 பேர் வந்து, அவர்கள் ஒருவருக்கொருவர் பதில் எழுதுபவர்களாக இருந்தால் குழு நிற்கும். ஒருவரோடொருவர் பேசாத 50 பேர் வந்தால் மூன்றாவது முறையும் திரும்பிவிடுவீர்கள். யார் யாருக்குப் பதில் எழுதுகிறார்கள் என்று கடந்த இரண்டு மாதப் பதிவுகளைப் பார்த்து ஒரு தாளில் குறித்துவிட்டு, முதல் ஆறேழு பேரை அதிலிருந்து எடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்