பகல் வெளிச்சம் விழும் ஹாலுக்கு 65 அங்குல எல்ஜி ஓஎல்இடி: சி3 வாங்கலாமா, ஜி3 வாங்கலாமா? டிவியை மேசை மேல்தான் வைக்கப்போகிறேன்.

மேசை மேல்தான் என்று முடிவாகிவிட்டது என்றால் சி3. சுவரில் மாட்டலாம் என்று மனசு மாறினால் என் பதிலும் மாறும்.

எங்கள் வீட்டில் இருப்பது சி3, அக்கா வீட்டில் ஜி3. இரண்டும் 65 அங்குலம், இரண்டும் 2023 மாடல். ஒரே 4கே ப்ளூரே டிஸ்க்கை இரண்டு வீட்டிலும் போட்டு, இரண்டிலும் ஃபிலிம்மேக்கர் மோடு (படத்தை எடுத்தவர் நினைத்தபடியே காட்டும் அமைப்பு) வைத்துப் பார்த்தேன். ராத்திரிக் காட்சிகளில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது. கறுப்பு வரவேண்டிய இடத்தில் அது அணைந்தே போகிறது. இதில் விலை கூடிய ஜி3-க்குத் தனிச் சலுகை ஏதும் இல்லை. பிராசசரும் ஒன்றே, ஆல்ஃபா 9 ஆறாம் தலைமுறை. நான்கு எச்டிஎம்ஐ 2.1 போர்ட், 120 ஹெர்ட்ஸ், டால்பி விஷன் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் வகைகளில் ஒன்று) எல்லாம் இரண்டிலும் உண்டு. இன்னொரு எச்டிஆர் வகையான எச்டிஆர்10 பிளஸ் இரண்டிலும் கிடையாது. கேம் ஆடுவதற்காக மட்டும் என்றால் ஜி3 பக்கமே போகவேண்டாம்.

வெளிச்சமான இடங்களில்தான் ஜி3 வேறு டிவியாகிறது. தீ, வெயிலில் மின்னும் தண்ணீர், இருட்டில் எரியும் ஒற்றை விளக்கு போன்றவற்றை அக்கா வீட்டில் பார்த்துவிட்டு வந்தால், எங்கள் டிவியில் ஒரு படி மங்கலாகத்தான் தெரிகிறது. ஓஎல்இடி பேனலில் உண்டாகும் ஒளியில் கணிசமான பங்கு வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே எதிரொளித்து வீணாகிவிடும். ஜி3 பேனலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய லென்ஸ்கள் ஓர் அடுக்காக இருக்கின்றன. 77 அங்குல பேனல் ஒன்றில் 4,240 கோடி லென்ஸ்கள் என்பது எல்ஜி டிஸ்ப்ளே சொன்ன கணக்கு. வீணாகும் ஒளியை அவை பார்ப்பவர் பக்கம் திருப்பிவிடுகின்றன. திரையின் சின்னப் பகுதி மட்டும் ஒளிரும்போது சி3 சுமார் 800 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வரை போகும். ஜி3 சுமார் 1,400-ஐத் தொடும். எச்டிஆர் படங்கள் பல 1,000 நிட்ஸை மனதில் வைத்துத்தான் தயாராகின்றன. அதனால் அந்த வெளிச்சத்தை ஜி3 அப்படியே காட்டிவிடும், சி3 கொஞ்சம் அமுக்கிக் காட்டும்.

அப்படியானால் பகல் வெளிச்சத்துக்கு ஜி3-தானே சரி என்று கேட்பீர்கள். பாதிதான் சரி. பனிமலைபோலத் திரை முழுக்க வெள்ளையாக வரும் காட்சியில் இரண்டு டிவியுமே வெளிச்சத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். ஜி3 கொஞ்சம் முன்னே நிற்கும், அவ்வளவுதான். இன்னொன்று, ஜன்னல் டிவிக்கு நேர் எதிரே இருந்தால் இருட்டுக் காட்சியில் ஜன்னல்தான் தெரியும். கறுப்பின்மேல் விழும் பிம்பத்தை எத்தனை நிட்ஸ் இருந்தாலும் மறைக்க முடியாது. எங்கள் வீட்டில் இதற்குத் தீர்வு தடித்த திரைச்சீலைதான். ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால் இந்தத் தொல்லை பெரிதாக இருக்காது.

இனி மேசை. ஜி3 சுவருக்காகவே வடிவமைக்கப்பட்ட டிவி. மாட்டும் பிராக்கெட் பெட்டியிலேயே வரும், மாட்டினால் சுவரோடு ஒட்டி நிற்கும், பார்க்க அத்தனை அழகு. ஆனால் பல நாடுகளில் ஸ்டாண்டைத் தனியாகத்தான் வாங்கவேண்டும். உங்கள் ஊர்ப் பெட்டியில் என்ன வருகிறது என்று பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். சி3-க்கு ஸ்டாண்ட் கூடவே வரும், எடையும் நன்றாகவே குறைவு. ஒலியில் சி3 40 வாட், ஜி3 60 வாட். எனக்கு இரண்டுமே போதவில்லை. எச்டிஎம்ஐ 2 என்ற போர்ட்டில் இஏஆர்சி (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் வசதி) இருக்கிறது, சவுண்ட்பாரை அதில் மாட்டிக்கொள்ளலாம்.

ஜி3-க்காக ஒதுக்கிய பணம் கையில் இருந்தால் நான் முதலில் டேப் எடுத்து சோபாவிலிருந்து டிவி வரை அளப்பேன். இரண்டரை மீட்டருக்குள் என்றால் 65 நிறைவாக இருக்கும். மூன்று மீட்டர் தாண்டினால் 77 அங்குல சி3-இன் விலையையும் விசாரியுங்கள். அகலம் 144 செ.மீ.யிலிருந்து 170 செ.மீ. ஆகும், பரப்பளவு 40 சதவீதம் கூடும். அந்தத் தூரத்தில் வெளிச்சம் கூடுவதைவிடத் திரை பெரிதாவதைத்தான் நான் தினமும் ரசிப்பேன்.

83 அங்குலம் வரை போகிற எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஜி3-இல் அந்த லென்ஸ் அடுக்கு 55, 65, 77 அங்குலங்களில் மட்டும்தான். 83-இல் கிடையாது.