ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பொருளாதாரம் எதற்கு?

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் நான்காண்டு ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் இருக்கிறேன். தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கத்தான் ஆசை. துணைப்பாடமாகப் பொருளாதாரம் எடுக்கலாம் என்றிருக்கிறேன். "அ, ஆ சொல்லிக் கொடுக்கப் போறவளுக்கு அது எதுக்கு? கணக்கு எடு" என்கிறார் அப்பா. தோழிகளும் சிரிக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ம., தேவகோட்டை

அன்புள்ள ம.,

எடுங்கள். ஆனால் அப்பா சொல்வதில் பாதி சரி. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான தகுதித் தேர்வின் முதல் தாளுக்கு 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என்று ஐந்துக்கும் தலா 30. பொருளாதாரத்துக்கு ஒன்றுமே இல்லை. வேலைக்கு உதவும் என்று நினைத்து எடுத்தால் ஏமாந்துபோவீர்கள்.

அப்புறம் எதற்கு? உங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நிச்சயம் கேட்கும்: "டீச்சர், இவ்வளவு பெரிய வீட்டை ஏன் பூட்டியே வச்சிருக்காங்க?" "அவங்கள்லாம் வெளியூர்ல இருக்காங்க" என்று சொல்லிக் கடந்துவிடலாம். பொருளாதாரம் படித்த டீச்சரால் அப்படிக் கடக்க முடியாது. அந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்களில் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போனவர்கள், அங்கே நெல் விவசாயிகளுக்கு நிலத்தை அடமானமாக வைத்துக்கொண்டு கடன் கொடுத்தார்கள். 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்ததும் கடன் திரும்பவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் வந்தது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் எட்டே வருடத்தில் 25 சதவீதம் ஆனது. பணமென்றால் ஊருக்கு அனுப்பலாம். நிலத்தை என்ன செய்வது? 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பர்மா விடுதலையானதும் நிலத்தை அரசே எடுத்துக்கொண்டது. நம் பக்கத்தில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இழந்துவிட்டு வந்ததை மட்டும்தான் சொல்வார்கள். நிலத்தைப் பறிகொடுத்த பர்மிய விவசாயி அதில் வரவே மாட்டார். நீங்கள் சொல்லும்போது அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வளவை, அதாவது வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான மகனின் குடும்பத்துக்கும்) ஓர் அறை. கல்யாணமானதும் தனிக்குடித்தனமாக வேறுவைத்து, அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிக் கணக்கு. தலைமுறை தாண்டத் தாண்டப் பங்காளிகள் பெருகினார்கள். ஓடு மாற்றுகிற செலவை யார் ஏற்பது? எல்லோருக்கும் உரிமை இருக்கும் வீட்டுக்குத் தன் கைக்காசைப் போட ஒருவருக்கும் மனம் வராது. விற்கவோ எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் வீடு இடிபட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குத் தேக்குத் தூணும் கதவும் வந்துசேர்கின்றன. பாடப் புத்தகத்தில் இதற்குப் பெரிய பெயர் வைத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

பணத்தைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளிடம் பேசலாமா என்று தோழிகள் கேட்டால், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்ற பழைய கணக்கு வாய்பாடுகளை மனப்பாடம் செய்ததைச் சொல்லுங்கள்.

பிள்ளைகளைவிட உங்களுக்குத்தான் இந்தப் படிப்பு அதிகம் பயன்படும். அறுவடை சமயத்தில் வராமல் போகிற பையனை "அக்கறையில்லாத வீடு" என்று எழுதித் தள்ளாமல், அவன் பள்ளிக்கு வந்தால் அந்த வீட்டுக்கு என்ன நட்டம் என்று கணக்குப் போடத் தோன்றும். 2022இல் வந்த காலை உணவுத் திட்டம் அந்தக் கணக்கை எப்படி மாற்றுகிறது என்றும் யோசிப்பீர்கள். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்களே, அதே மாதிரியான யோசனையைச் சோதித்துப் பார்த்தவர்களில் பொருளாதாரக்காரர்களும் உண்டு. மும்பையிலும் வடோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளை உள்ளூர்ப் பெண்கள் தினமும் இரண்டு மணி நேரம் போலத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள், மதிப்பெண் கூடியது. அதை ஆராய்ந்த அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் 2019இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒருவரின் படிப்பையும் திறமையையும் வருமானம் தரும் முதலீடாகப் பார்க்கிற 'மனித மூலதனம்' என்று ஒரு பேச்சு இந்தத் துறையில் உண்டு. தேர்வில் எழுதிவிட்டு வாருங்கள். ஆறு வயதுப் பிள்ளையை அப்படிப் பார்க்கப் பழகிவிடாதீர்கள்.

முதல் வருடம் முழுக்க வளைகோடுகளாக வந்து சலிப்பூட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சேருவதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்கி, வளர்ச்சிப் பொருளாதாரமும் புள்ளியியலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். புள்ளியியல் இருந்தால் அந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டுங்கள். அவர் கேட்ட கணக்கு அதில் வேண்டிய மட்டும் இருக்கும்.