வாய்தா இல்லாத ஓட்டம்

போன இதழில் ஜாமீன் பற்றி எழுதியபோது அமெரிக்காவின் ‘டாக் தி பவுண்டி ஹன்டர்’ நிகழ்ச்சியை ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. தெருவில் கார் ஓட்டிப் பந்தயம் கட்டும் படங்களைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். இரண்டின் ருசியும் ஒரே இடத்திலிருந்து வருவதாக எனக்குத் தோன்றுவதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

என் கணவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் யூடியூபில் அந்த நிகழ்ச்சியின் பழைய பகுதிகளைத்தான் பார்க்கிறார். நீளமுடி வைத்த ஒருவர் குடும்பத்தோடு கிளம்பிப் போய் யாரையோ விலங்கு மாட்டிக் கூட்டி வருகிறார். அவர் போலீஸா? இதில் அப்படி என்ன இருக்கிறது?
*வாசகி, பாளையங்கோட்டை*

போலீஸ் இல்லை அம்மா. அரசாங்கம் அவருக்கு ஒரு காசு சம்பளம் கொடுப்பதில்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஜாமீன் ஒரு வியாபாரம். ஒருவருக்கு நீதிமன்றம் பத்தாயிரம் டாலர் ஜாமீன் நிர்ணயிக்கிறது என்று வையுங்கள். அவ்வளவு பணம் கையில் இல்லாத குடும்பம் ஜாமீன் நிறுவனத்துக்குப் போகும். வழக்கமாகப் பத்து சதவீதம், அதாவது ஆயிரம் டாலர் கட்டணம். வழக்கில் விடுதலையே ஆனாலும் அந்த ஆயிரம் திரும்ப வராது. அதை வாங்கிக்கொண்டு நிறுவனம் முழுத் தொகைக்கும் நீதிமன்றத்திடம் பொறுப்பேற்கும். குறித்த தேதியில் ஆள் ஆஜராகவில்லை என்றால் பத்தாயிரமும் நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் தப்பியவரைத் தேடிப் பிடித்து ஒப்படைக்க ஆள் வேண்டும். அவர்தான் பவுண்டி ஹன்டர்.

இந்தத் தொழிலுக்கு உயிர் கொடுத்தது 1872-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டெய்லர் எதிர் டெயின்டர் வழக்கில் எழுதிய சில வரிகள். ஜாமீன் கொடுத்தவர், தப்பியவரை வேறு மாநிலம் வரை துரத்தலாம். ஓய்வு நாளிலும் பிடிக்கலாம். தேவைப்பட்டால் அவர் வீட்டுக் கதவை உடைத்தும் உள்ளே போகலாம் என்றது அந்தத் தீர்ப்பு. பின்னால் பல மாநிலங்கள் கட்டுப்பாடுகள் போட்டன. கென்டக்கி 1976-இல் ஜாமீன் வியாபாரத்தையே ஒழித்தது. இல்லினாய் 2023-இல் பணம் கட்டி ஜாமீன் எடுக்கும் முறையையே கைவிட்டது.

உங்கள் கணவர் பார்க்கும் டுவேன் சாப்மன் ஹவாய் தீவுகளில், ஹோனலூலுவில் தொழில் நடத்தியவர். 2004 முதல் 2012 வரை ஏ அண்ட் இ சேனலில் அந்த நிகழ்ச்சி ஓடியது. மனைவி பெத் அலுவலகத்தையும் போனையும் பார்த்துக்கொள்வார். மகன் லீலண்ட் சுவர் ஏறிக் குதிப்பார். கிளம்பும் முன் எல்லோரும் கைகோத்துப் பிரார்த்தனை செய்வார்கள். தேடல் பெரும்பாலும் தப்பியவரின் அம்மாவிடமோ காதலியிடமோதான் தொடங்கும். ஜாமீன் பத்திரத்தில் கூடக் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள்தானே. பையன் வராவிட்டால் அம்மாவின் பணமும் போகும். அந்த அம்மா அழுதுகொண்டே முகவரி சொல்லும் காட்சிகளை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடிவதில்லை.

ஆள் பிடிபட்ட பிறகு வருவதுதான் நிகழ்ச்சியின் உயிர் என்பேன். கைவிலங்கோடு பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு சாப்மன் ஒரு சிகரெட் கொடுக்கிறார். அம்மாவைப் பற்றி, குழந்தைகளைப் பற்றி விசாரிக்கிறார். ஹவாயில் ‘ஐஸ்’ என்று சொல்லும் மெத் போதைக்கு அடிமையானவர்கள் அதில் நிறைய பேர். நானும் ஜெயிலில் இருந்தவன்தான், நீ இதிலிருந்து வெளியே வரலாம் என்கிறார். சற்று முன்பு கத்திக்கொண்டிருந்த ஆள் குலுங்கி அழுகிறார். அரை மணி நேர நிகழ்ச்சி. விளம்பரம் போக இருபத்து சொச்சம் நிமிடத்தில் குற்றம், தேடல், பிடிப்பு, கண்டிப்பு, ஆறுதல் எல்லாம் முடிந்துவிடும்.

நான் மாவட்ட நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்கு நடத்துகிறவள். காலை பத்தரை மணிக்கு எங்கள் வராந்தாவில் நிற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், புகார் கொடுத்தவருக்கும் சரி, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் சரி, மனசில் ஓடுவது ஒரே கேள்விதான்: இன்றைக்காவது முடியுமா? சாட்சி வரவில்லை, விசாரணை அதிகாரி (ஐ.ஓ.) பந்தோபஸ்துக்குப் போய்விட்டார், அரசு வழக்கறிஞர் மாறிவிட்டார் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். அடுத்த வாய்தா. தன் வாழ்க்கையில் ஏதாவது ஒன்று முடியாமல் இழுத்துக்கொண்டே போவதைப் பார்த்த யாருக்கும், கண் முன்னால் ஒரு விஷயம் தொடங்கி முடிவது பெரிய நிம்மதி. உங்கள் கணவரும் பென்ஷன் பேப்பருக்கோ பட்டாவுக்கோ அலைந்தவராக இருந்தால் அவரிடமே கேளுங்கள்.

நம் ஊரில் இப்படி ஆள்பிடிக்கும் தொழில் நடத்த முடியுமா மேடம்? நான் ரெடி.
*இளைஞர், திண்டுக்கல்*

முடியாது தம்பி. இங்கே ஜாமீன்தாரராக நிற்பது வியாபாரம் அல்ல. சொந்தக்காரரோ தெரிந்தவரோ சொத்துவரி ரசீதோடும் அடையாள அட்டையோடும் வந்து கையெழுத்துப் போடுகிறார். ஆள் ஓடிவிட்டால் நீதிமன்றம் பிடிவாரண்ட் போடும், போலீஸ் பிடிக்கும். ஜாமீன்தாரரிடம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 491-ஆம் பிரிவின்படி பத்திரத் தொகையைக் கேட்பார்கள். அவர் தன்னை விடுவிக்கச் சொல்லி மனுப் போடலாம். கதவை உடைக்கும் உரிமை அவருக்கு ஒருநாளும் கிடையாது. காசுக்காகப் பொய் ரசீதோடு ஜாமீன் நிற்பவர்கள் நம் நீதிமன்ற வாசல்களில் உண்டு, அது குற்றம். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

சாப்மனே கொலை வழக்கில் சிறை போனவர் என்று படித்தேன். அப்படிப்பட்டவரை எப்படி ரசிப்பது?
*வாசகர், தஞ்சாவூர்*

படித்தது உண்மை. 1976-இல் டெக்சாஸின் பாம்பா ஊரில் அவருடைய நண்பர் வேறொரு ஆளைச் சுட்டுக் கொன்றபோது சாப்மன் வெளியே காரில் இருந்தார். அடுத்த ஆண்டு தண்டனை கிடைத்து, ஹன்ட்ஸ்வில் சிறையில் சுமார் ஒன்றரை வருடம் இருந்தார். அதனாலேயே சட்டப்படி அவர் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. நிகழ்ச்சியில் மிளகு ஸ்பிரேயை அவர் அவ்வளவு பெரிதாகத் தூக்கிக்கொண்டு திரிவதற்குக் காரணம் அதுதான்.

அவரைப் புகழுக்குக் கொண்டுவந்த வேட்டையும் சட்டத்தோடு மோதியதுதான். பாலியல் வன்கொடுமை வழக்கில் பத்து லட்சம் டாலர் ஜாமீனில் இருந்துகொண்டு விசாரணை நடுவில் ஓடிப்போன ஆண்ட்ரூ லஸ்டர் என்ற பணக்காரரை 2003 ஜூனில் மெக்சிகோவின் புவேர்ட்டோ வயார்ட்டா நகரத்தில் சாப்மன் பிடித்தார். மெக்சிகோவில் பவுண்டி வேட்டை சட்டவிரோதம். அங்கே சாப்மனையே கைது செய்தார்கள். 2006-இல் ஹோனலூலுவில் மறுபடி கைது. காலக்கெடு கடந்துவிட்டது என்று 2007-இல் மெக்சிகோ நீதிமன்றம் வழக்கைக் கைவிட்டது. அதே வருடக் கடைசியில், இன்னொரு மகனோடு போனில் பேசும்போது கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லைச் சாப்மன் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய ஒலிப்பதிவு வெளியானது. சேனல் நிகழ்ச்சியை நிறுத்தி வைத்தது. அவர் மன்னிப்புக் கேட்டார், 2008-இல் திரும்ப வந்தது.

பின்சீட்டுப் பேச்சில் எனக்கு நம்பிக்கை உண்டு, சிறை அனுபவம் அதில் கேட்கிறது. அந்த ஒலிப்பதிவை நான் மன்னிக்கவில்லை. இரண்டையும் தெரிந்துகொண்டுதான் பார்க்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். லஸ்டர் கோடீஸ்வரர். நிகழ்ச்சியில் வாராவாரம் பிடிபடுபவர்கள் அப்படி இல்லை. ஆயிரம் டாலர் புரட்டவே அம்மாவின் கையெழுத்தை நம்பி இருப்பவர்கள். அவர்கள் முகம் உலகம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. வழக்கு அதற்குப் பிறகுதான் நடக்கும். வக்கீலாக எனக்கு அது வலிக்கிறது.

‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ முதல் பாகத்தை மனப்பாடமாகப் பார்த்திருக்கிறேன். அதில் காரின் வேகத்தைக் கூட்டும் நைட்ரஸ் வாயு எல்லாம் புருடா என்கிறார் எங்கள் மெக்கானிக்கல் சார். உண்மையா?
*கல்லூரி மாணவர், ஈரோடு*

வாயு உண்மை, அந்த நீல வெளிச்சமும் நெடிய பந்தயமும்தான் சினிமா. காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு. நைட்ரஸ் ஆக்சைடு என்ஜின் சூட்டில் உடையும்போது கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன். கூடவே கூடுதல் பெட்ரோலும் கொடுத்தால் அதிகமாக எரிந்து அதிக விசை தரும். கொஞ்ச நேரத்துக்குத்தான். அளவு தப்பினால் என்ஜின் போய்விடும். உங்கள் சாரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்.

2001-இல் வந்த அந்தப் படத்துக்கு விதை, நியூயார்க் தெருப் பந்தயக்காரர்கள் பற்றி 1998-இல் ‘வைப்’ பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரை. படம் அதை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோனது. பந்தயத் தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். அதைப் பத்து விநாடியில் ஓடும் கார் ஒன்றை நாயகன் பிரையன், பந்தயக்காரன் டொமினிக்குக் கடன்பட்டிருக்கிறான், கதையே அந்தக் கடன்தான். பத்து விநாடி! அதற்குள் ஜெயித்தவர் யார், தோற்றவர் யார் என்று தெரிந்துவிடும். அப்பீல் கிடையாது. அப்பா யார், என்ன படிப்பு, எந்த நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் என்று கோட்டில் நிற்கும்போது யாரும் கேட்பதில்லை. வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற வயசில் இருப்பவர்களுக்கு அந்தக் கோடு எவ்வளவு பெரிய நியாயமாகத் தெரியும்!

கடைசியில் மாறுவேடப் போலீஸான பிரையன், கைது செய்ய வேண்டியவனிடம் ஆரஞ்சு நிற டொயோட்டா சுப்ராவின் சாவியைக் கொடுத்துப் போகச் சொல்கிறான். அது அவன் பட்ட கடன், தீர்த்துவிட்டான். சாப்மனின் பின்சீட்டிலும் நான் பார்ப்பது இதைத்தான். நீதிமன்றம் எங்கோ தூரத்தில் இருக்க, இரண்டு மனிதர்கள் தங்களுக்குள் கணக்கை நேருக்கு நேர் முடித்துக்கொள்கிறார்கள். மக்கள் இதற்காக ஏங்குவதைப் பார்த்து நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் நீதிமன்றங்கள் இன்னும் சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் இந்த ஏக்கம் பாதியாகக் குறையும்.

மேடம், என் மகனுக்குப் பதினேழு வயது. இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அவன் மாமாவான என் தம்பியின் பைக்கை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை ராத்திரி ஈ.சி.ஆர். பக்கம் போகிறான் என்று கேள்விப்பட்டேன். கேட்டால் சும்மா ரவுண்டு என்கிறான். பயமாக இருக்கிறது.
*ஒரு தாய், செங்கல்பட்டு*

முதலில் பைக் சாவியை இன்றைக்கே உங்கள் தம்பியிடமிருந்து வாங்கிப் பூட்டி வையுங்கள் அம்மா. பொது இடத்தில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவு: முதல் தடவை மூன்று மாதம் வரை சிறையோ, ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. இதைவிடப் பெரியது 199-ஏ. பதினெட்டு நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரும் வண்டிக்குச் சொந்தக்காரரும் பதில் சொல்ல வேண்டும்: மூன்று ஆண்டு வரை சிறை, இருபத்தைந்தாயிரம் அபராதம், வண்டிப் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. உங்கள் தம்பியை உட்காரவைத்து இதை வாசித்துக் காட்டுங்கள்.

சரி, சாவியைப் பூட்டினால் ஆசையையும் பூட்ட முடியுமா? அமெரிக்காவில் தெருப் பந்தயத்தில் பையன்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், 1951-இல் வாலி பார்க்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் தேசிய ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த கார்) சங்கத்தைத் தொடங்கினார். ஓட்டாதே என்று சொல்லாமல் ஓடுபாதையும் விதியும் பாதுகாப்புப் பரிசோதனையும் ஏற்படுத்திக் கொடுத்தார். நமக்கும் அந்த வழி இருக்கிறது. ஒரு காலத்தில் சோழவரம் விமானத் தளத்தில் பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இலிருந்து இருங்காட்டுக்கோட்டையில் சொந்த ஓடுபாதை வைத்திருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். தேசிய பைக் பந்தயம் நடக்கும் நாளில் கூட்டிப் போங்கள். தலைக்கவசம், தோல் உடை, ஓரத்தில் ஆம்புலன்ஸ் என்று அவன் வயசுப் பையன்கள் எப்படித் தயாராகிறார்கள் என்று அவனே பார்க்கட்டும்.

அப்புறம் ஒரு நாள் அவனோடு உட்கார்ந்து ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ பாருங்கள். 1973-இல் வந்த படம். இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ ஊரில் காரே கதி என்று திரிந்த பையன். 1962-இல் பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் பெரிய விபத்து. சீட் பெல்ட் அறுந்து வெளியே தூக்கி எறியப்பட்டதால் பிழைத்தார். படமும் அதே வருடத்து ஒரு கோடை இரவில்தான் நடக்கிறது. விடிகாலையில் ஊருக்கு வெளியே பந்தயம், எதிராளியின் கார் உருண்டு தீப்பிடிக்கிறது. ஊரிலேயே வேகமானவன் என்று பேர் வாங்கிய ஜான் மில்னர், தன்னை வாயாரப் புகழும் பையனிடம், நான் தோற்றுக்கொண்டுதான் இருந்தேன் என்கிறான். பையன் ஒத்துக்கொள்ளவே மாட்டான். அந்த இடத்தில் நிறுத்தி, ஜெயித்தது யார் என்று உங்கள் மகனிடம் கேளுங்கள். அவன் என்ன சொன்னாலும் எனக்கு எழுதச் சொல்லுங்கள், அடுத்த இதழில் அவனுக்கே பதில் எழுதுகிறேன்.