பெங்களூரு விவசாயப் பல்கலைக்கழகத்தால் சிறு விவசாயிக்கு என்ன பலன்?

பட்டம் கொடுப்பதைத் தாண்டி பெங்களூரு விவசாயப் பல்கலைக்கழகம் சிறு விவசாயிக்கு ஏதாவது செய்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே செய்திருக்கிறது. நான் இருப்பது பெங்களூரு எலகங்காவில். எங்கள் குடும்பம் ஓசூர் பக்கம் மானாவாரியில் ராகி போடுகிறது. அதனால் ராகியை வைத்தே சொல்கிறேன்.

பல்கலைக்கழகம் வந்தது 1964-ல்தான். ஆனால் 1899-லேயே மைசூர் மகாராணி வாணி விலாச சன்னிதானம் பெங்களூரு ஹெப்பாளில் 30 ஏக்கர் கொடுத்து, அங்கே சோதனைப் பண்ணை தொடங்கிவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு வேர் அதுதான். 1908-ல் மைசூர் அரசின் பணிக்கு வந்த கனடா விஞ்ஞானி லெஸ்லி கோல்மன், கர்நாடகத்தின் மலைப்பகுதியில் பாக்குக் குலைகளை அழுகவைத்த நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளிக்கும் வழியைக் கொண்டுவந்தார். இன்றும் பாக்குத் தோட்டங்களில் அதைத்தான் தெளிக்கிறார்கள்.

சரி, ராகி. அதன் பூ கண்ணுக்கே சரியாகத் தெரியாது, தன் மகரந்தத்திலேயே மணி பிடித்துவிடும். இரண்டு ரகங்களைக் கலப்பதென்றால் பெரும்பாடு. இரண்டு கதிர்களைச் சேர்த்துக் கட்டி, காகித உறை போட்டு, அந்த விதையை முளைக்கவைத்து, ஊதா நிறம் மாதிரி ஆண் ரகத்தின் அடையாளம் தெரிகிற ஒன்றிரண்டு செடிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். மண்டியாவில் வி.சி. பண்ணை என்ற ஆராய்ச்சி நிலையத்தில் லட்சுமணய்யா என்ற விஞ்ஞானி வருடக்கணக்காக இதில் உழைத்து, நம் ராகியோடு ஆப்பிரிக்க ராகியைக் கலந்தார். 1970-களில் பரவிய இந்தாஃப் ரகங்கள் அப்படி வந்தவை. அந்த மனிதரைப் பற்றித் தமிழில் யாரும் பேசாதது எனக்குப் பெரிய வருத்தம். அப்புறம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஜி.பி.யு. 28 என்ற ராகி ரகம், குலைநோய் என்கிற பூஞ்சை நோயைத் தாங்கும். எங்கள் நிலத்தில் இன்று நிற்பதும் அதுதான். நல்ல விதைக்கு மாநில எல்லை ஏது!

அவரையும் அப்படித்தான். நாட்டு அவரை பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். பல்கலைக்கழகம் கொண்டுவந்த ஹெப்பாள் அவரை எந்தப் பட்டத்திலும் காய்க்கும். பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு மணம் என்னவோ மார்கழி நாட்டுக் காய்க்குத்தான்.

குறை என்று பார்த்தால், ஆராய்ச்சியின் வேகம், அதை விவசாயியிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணியில் இல்லை. தேடிப் போகிறவருக்குக் கிடைக்கிறது. ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு கூலிக்கும் போகிறவர் எப்போது தேடிப் போவார்? அவர் வரப்புக்கே ஆள் போக வேண்டும்.

உங்களால் முடிந்தால் நவம்பரில் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் நடக்கும் கிருஷி மேளா என்ற விவசாயக் கண்காட்சிக்குப் போங்கள். ரகங்கள் நிலத்திலேயே வளர்ந்து நிற்கும். கதிரைத் தொட்டுப் பார்த்து, உங்கள் மண்ணுக்கு எது சரிவரும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.